ஆங்கிலேயக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் காலை உணவு: ஊர்தோறும் மாறும் வழக்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலைக்கென்று தனி உணவு உண்டா?

நாடு முழுவதற்கும் பொதுவான ஒன்று இல்லை. ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம், சில இடங்களில் குடும்பத்துக்குக் குடும்பம், விடாமல் காத்துவரும் வழக்கங்கள் பல உண்டு. அன்றைய மதிய விருந்து இங்கிலாந்தின் எந்த மூலைக்குப் போனாலும் ஏறக்குறைய ஒன்றேதான்: அடுப்பில் வாட்டிய வான்கோழி, உருளைக்கிழங்கு, எலுமிச்சை அளவேயான குட்டிக் கோசுகள், கடைசியில் உலர்பழங்கள் நிறைந்த கிறிஸ்துமஸ் புட்டிங். இந்த ஒருமையும் மிகப் பழையதன்று. வான்கோழி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டும் விலைக்கு வந்தது. அதற்குமுன் பல வீடுகளில் கூஸ் என்னும் பெரிய வாத்தும், வடக்கே பல இடங்களில் மாட்டிறைச்சியும் அந்த இடத்தில் இருந்தன. பத்திரிகைகள், வானொலி, தொலைக்காட்சி, பெரிய அங்காடிகள் ஆகிய எல்லாமே மதிய விருந்தைத்தான் கவனித்தன. காலையில் என்ன உண்பது என்று யாரும் யாருக்கும் கற்பிக்க முற்படவில்லை. அதனால்தான் பழைய ஊர்வழக்கம் மதியத்தில் அழிந்து காலையில் தங்கியது என்பது என் கருத்து. ஒருவர் எந்த ஊர்க்காரர் என்பதை அவர் வீட்டு வான்கோழியை வைத்துச் சொல்ல முடியாது. காலைத் தட்டை வைத்துப் பல வேளைகளில் சொல்லிவிடலாம்.

இங்கிலாந்து என்று மட்டும் சொல்வது ஏன்? பிரிட்டன் முழுவதிலும் இப்படித்தானே?

அப்படியன்று. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் நாள் 1958இல்தான் பொது விடுமுறையானது. சீர்திருத்தத் திருச்சபை அந்தப் பண்டிகையை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்ததால், அங்கே கொண்டாட்டமெல்லாம் புத்தாண்டை ஒட்டியே வளர்ந்தது. வேல்ஸுக்கும் தனி வழக்கங்கள் உண்டு. இந்தப் பக்கம் இங்கிலாந்தைப் பற்றியது மட்டுமே.

அன்று எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள்?

சிறுவர் உள்ள வீடுகளில் இக்கேள்விக்கு நேரான பதில் கிடையாது. அவர்கள் கட்டிலருகே தொங்கும் காலுறையில் இருக்கும் சாக்லேட் நாணயங்களையும் கமலா ஆரஞ்சையும் பொழுது விடியுமுன்பே தீர்த்துவிடுகிறார்கள். டிசம்பர் 25 அன்று லண்டனில் சூரியன் உதிப்பது காலை 8 மணி தாண்டியே, நியூகாசிலில் 8.30 ஆகிவிடும். எனவே காலை உணவு பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்தில்தான் தொடங்குகிறது. மதிய விருந்து பிற்பகல் ஒன்று முதல் மூன்று மணிக்குள் அமையும். 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வானொலியில் தொடங்கிவைத்த கிறிஸ்துமஸ் உரை பிற்பகல் 3 மணிக்கு ஒலிபரப்பாவதால், அதையொட்டி விருந்தை அமைத்துக்கொள்ளும் வீடுகள் இன்றும் உள்ளன. அடுப்பு காலை முதல் வான்கோழிக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். இந்த ஒரு காரணத்தாலேயே, முந்தின நாளே ஆயத்தமாகிவிடும் குளிர்ந்த உணவுகள் அன்று காலைக்கு மிகவும் ஏற்றவையாயின.

தேவாலயமும் இதில் ஒரு காரணம். 1950களில் கத்தோலிக்கத் திருச்சபை விதியைத் தளர்த்தும் வரை, நற்கருணை பெறுவோர் நள்ளிரவிலிருந்து ஒன்றும் உண்ணக் கூடாது. தண்ணீருக்கும் தடை இருந்தது. கத்தோலிக்கர் மிகுதியாக வாழ்ந்த லங்காஷயர் போன்ற பகுதிகளில் அதிகாலைப் பூசை முடித்துப் பனியில் நடந்து வீடு திரும்புவோருக்கு வெட்டித் தட்டில் வைக்கத்தக்க குளிர்ந்த ஹாமும் (உப்பிட்டுப் பக்குவப்படுத்திய பன்றித் தொடை) ரொட்டியும் சூடான தேநீரும் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் போர்க் பை உண்பது உண்மையா?

உண்மைதான். லெஸ்டர்ஷயர், நாட்டிங்காம்ஷயர், லிங்கன்ஷயர், யார்க்‌ஷயர் ஆகிய பகுதிகளில் இது பரவலான வழக்கம். கிறிஸ்துமஸ் காலை என்றாலே போர்க் பை என்று எண்ணுகிற குடும்பங்களுக்கு, நாட்டின் தென்பகுதியில் அப்படியொரு வழக்கமே இல்லை என்பது பெரியவர்களான பிறகே தெரியவருவதுண்டு.

போர்க் பை என்பது கெட்டியான மாவு ஓட்டுக்குள் பன்றி இறைச்சியை அடைத்துச் சுட்டு ஆறவைத்த பண்டம். பன்றிக் கொழுப்பைக் கொதிநீரில் உருக்கி, அதைக் கோதுமை மாவில் ஊற்றிப் பிசைந்து ஓடு செய்கிறார்கள். சூடு இருக்கும்போதே அந்த மாவை ஒரு மர உருளையைச் சுற்றிக் கையால் உயர்த்திக் கிண்ணம்போல் ஆக்குவார்கள். உள்ளே செல்வது உப்பும் வெள்ளை மிளகும் சேர்த்த இறைச்சி. சுட்டெடுத்த பின் மேல்மூடியின் துளை வழியே பன்றிக் கால் எலும்புகளைக் காய்ச்சிய சாற்றை ஊற்றுகிறார்கள். அது ஆறியதும் பாகுபோல் உறைந்து, இறைச்சிக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பிக் காற்றைத் தடுக்கிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சி கெடாமல் சில நாள் தாங்கியது இந்த ஏற்பாட்டால்தான். சுவைக்காகச் சேர்த்ததென்று பலர் நினைக்கும் உறைசாறு, தொடக்கத்தில் ஒரு பாதுகாப்பு முறையே.

இவற்றுள் பெயர்பெற்றது லெஸ்டர்ஷயரின் மெல்டன் மோப்ரே என்னும் சிற்றூரின் பை. அங்கே அச்சு வளையமின்றி தானாக நிற்கவைத்துச் சுடுவதால் அதன் பக்கங்கள் சற்றே வயிறு தள்ளியிருக்கும். உப்பூறாத புதிய இறைச்சியை அரைக்காமல் நறுக்கியே இடுவதால் உட்புறம் சாம்பல் நிறமாக இருக்கும். ஹாம்போல இளஞ்சிவப்பாக இருந்தால் அது மெல்டன் பை அன்று. 1831இல் எட்வர்ட் ஆட்காக் என்பவர் அவ்வூரிலிருந்து லண்டனுக்குப் பைகளை அனுப்பி விற்கத் தொடங்கினார். அதற்குமுன் நரி வேட்டைக்கு வந்த கனவான்கள், குதிரைக்காரர்களின் சட்டைப் பையில் அது இருப்பதைக் கண்டு தாங்களும் கேட்டு வாங்கியதாகச் சொல்லப்படுகிறது. அப்பகுதியில் பன்றிகள் பெருகியதற்கும் காரணம் உண்டு: ஸ்டில்டன் பாலாடைக்கட்டி செய்தபின் வடியும் மோர்த்தண்ணீர் ஏராளமாக மிஞ்சியது, அது பன்றிகளுக்குத் தீனியாயிற்று. 2009இல் இந்தப் பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பட்டியலில் பதிவாகியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடியுமுன்பே மெல்டனில் பைக்கடை வாசலில் வரிசை நிற்கும். யார்க்‌ஷயரின் ஊர்ப்புறக் கறிக்கடைகளிலும் இதே காட்சிதான். வரிசையில் நிற்பதே பண்டிகையின் ஒரு பகுதி என்று நினைப்பவர்கள் உண்டு. கம்பளித் தொப்பியும் தேநீர்க் குடுவையுமாக, ஆண்டுக்கொரு முறை மட்டும் சந்தித்துக்கொள்ளும் பழகிய முகங்கள் அங்கே நலம் விசாரித்துக்கொள்கின்றன. இதற்குச் சட்டத்தின் பங்கும் சிறிது உண்டு. 2004ஆம் ஆண்டின் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது. சிறு கடைகளுக்குத் தடையில்லையெனினும் அவற்றிலும் பெரும்பாலானவை மூடியே இருக்கும். மறுநாள் காலை தட்டில் என்ன இருக்க வேண்டுமோ அதை முந்தின நாளே வாங்கிவிட வேண்டும்.

அதனுடன் எதைத் தொட்டுக்கொள்கிறார்கள்?

வீட்டுக்கு வீடு சண்டை மூட்டவல்ல கேள்வி இது. அரைத்த கடுகு, புளிப்பும் இனிப்புமான பழுப்பு நிறச் சாஸ், வினிகரில் ஊறிய வெங்காயம், இவையெல்லாம் உண்டு. நம்மவர் கவனத்துக்குரியது பிக்கலில்லி. காலிபிளவர், வெங்காயம், வெள்ளரிக்காய் ஆகியவற்றை வினிகர், கடுகு, மஞ்சள் கலந்த குழம்பில் ஊறவைத்த இந்தப் பளிச்சென்ற மஞ்சள்நிற ஊறுகாயை 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சமையற் குறிப்புகள் ‘இந்திய ஊறுகாய்’ என்றே குறிக்கின்றன. எண்ணெயும் மிளகாய்க் காரமும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன. மஞ்சளும் கடுகும் மட்டும் கடல் கடந்து கரைசேர்ந்தன.

ஏன் எங்கு பார்த்தாலும் பன்றி இறைச்சியாகவே இருக்கிறது?

நாட்காட்டியே இதற்கு விடை. கிராமப்புறக் கூலித் தொழிலாளியின் குடிசைக்குப் பின்னால் ஒரு பன்றி வளர்ந்தது. இளவேனிலில் குட்டியாக வாங்கி, சமையலறைக் கழிவும் உருளைக்கிழங்கும் தோட்டத்து மிச்சமும் போட்டு வளர்த்து, நவம்பர், டிசம்பர் மாதக் குளிரில் அறுப்பார்கள். வெயில் காலத்தில் அறுத்தால் உப்பு ஏறுவதற்குமுன் இறைச்சி கெட்டுவிடும். தொடைகளும் பக்கங்களும் ஹாமாகவும் பேக்கனாகவும் மாற உப்பில் இறங்கின. அவை பக்குவமாகப் பல வாரங்கள், நல்ல ஹாமுக்கு மாதங்களே ஆகும். உடனே தின்று தீர்க்க வேண்டியவை மற்ற பாகங்கள். ஓரத்து இறைச்சி பையாகவும் சாசேஜாகவும் ஆனது. தலையை வேகவைத்து அதன் சாற்றிலேயே உறையவிட்டு ‘பிரான்’ என்றார்கள். ஈரலும் மற்ற உள்ளுறுப்புகளும் அண்டை வீடுகளுக்குப் பங்கு போயின. பங்கு பெற்ற வீட்டார் தட்டைக் கழுவாமல்தான் திருப்பித் தர வேண்டும், கழுவினால் அந்தப் பன்றியின் இறைச்சியில் உப்பு ஏறாது என்று லிங்கன்ஷயரில் நம்பினார்கள். ஆக, கிறிஸ்துமஸ் வந்தபோது வீட்டில் ஏராளமாக இருந்தது பன்றிதான். பண்டிகைக்காகப் பன்றியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, பன்றி அறுக்கும் பருவத்தில் பண்டிகை வந்து சேர்ந்தது என்பதே பொருத்தம்.

லிங்கன்ஷயரின் பச்சைக் கோடு போட்ட இறைச்சி என்பது எது?

அதன் பெயர் ‘ஸ்டஃப்டு சைன்’. பன்றியின் இரு தோள்களுக்கு நடுவிலுள்ள கழுத்துப் பகுதியை முதுகெலும்போடு வெட்டியெடுத்து உப்பில் ஊறவைக்கிறார்கள். பிறகு எலும்புவரை ஆழமான கீறல்கள் போட்டு, பொடியாக நறுக்கிய பார்ஸ்லித் தழையை அவற்றில் விரலால் இறுக்கித் திணிக்க வேண்டும். பார்ப்பதற்குக் கொத்தமல்லித் தழையின் உறவினர்போல இருக்கும் பார்ஸ்லி இங்கே அலங்காரத்துக்கு அன்று. கைப்பிடிக் கணக்கில் அன்றிக் கூடைக் கணக்கில் வேண்டும். துணியில் கட்டிப் பல மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிட்டு, ஆறியபின் கீறலுக்குக் குறுக்காக அறுத்தால் இளஞ்சிவப்பும் கரும்பச்சையும் மாறிமாறி வரும் பட்டைகள் தெரியும். அதன்மேல் வினிகர் தெளித்து ரொட்டியுடன் உண்கிறார்கள்.

குழந்தைகளின் ஞானஸ்நான விருந்திலும், மே மாதத்தில் பண்ணையாட்கள் வேலை மாறும் நாட்களிலும்கூட இது இடம்பெற்றது. செய்வது கைப்பாடு மிகுந்த வேலை. அதனால் இன்று அம்மாவட்டத்திலேயே சில கறிக்கடைகளில்தான் கிடைக்கிறது, கிறிஸ்துமஸுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கும். அதே மாவட்டத்தின் மற்றொரு பண்டமான ஹாஸ்லட், பன்றி இறைச்சியும் ரொட்டித்தூளும் சேஜ் இலையும் சேர்த்துச் சுட்ட கட்டி. குளிர்ந்தபின் மெல்லிய துண்டங்களாக அறுத்து உண்பது. இனிப்பு வேண்டுமென்போருக்கு உலர்திராட்சை இட்ட ‘பிளம் பிரெட்’ உண்டு. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அதற்குத் துணை.

யார்க்‌ஷயரில் கேக்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து உண்பதாகச் சொல்கிறார்களே?

ஆம். கரிய நிறக் கிறிஸ்துமஸ் கேக் ஒரு துண்டு, அதன் பக்கத்தில் வெண்மையாக உதிரும் வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டி ஒரு துண்டு. முதல்முறை காண்போர் தவறுதலாகத் தட்டில் விழுந்துவிட்டதோ என்று எண்ணுவார்கள். பாலாடைக்கட்டியின் இளம்புளிப்பு கேக்கின் கனத்த இனிப்பை வெட்டுவதால் இரண்டும் நன்றாகவே பொருந்துகின்றன. காலையில் போர்க் பையோ குளிர்ந்த ஹாமோ முடிந்தபின் இதைத் தேநீருடன் உண்ணும் வீடுகள் உள்ளன.

இதைவிடப் பழையது ஃப்ரூமென்ட்டி. உமி நீக்கிய முழுக் கோதுமையைத் தண்ணீருடன் மண்பானையில் இட்டு, அணையும் அடுப்பின் மெல்லிய சூட்டில் இரவு முழுதும் விட்டால் மணிகள் வெடித்துக் கூழாகும். அதைப் பால் விட்டுக் காய்ச்சி, சர்க்கரையோ வெல்லப்பாகு போன்ற கரும்பாகோ சேர்த்து, சாதிக்காய் சீவித் தூவினால் ஃப்ரூமென்ட்டி. யார்க்‌ஷயரின் வடக்குப் பகுதிகளில் இதைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவிலும் மறுநாள் காலையிலும் உண்டார்கள். கோதுமைப் பாயசம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஏலக்காய்க்குப் பதில் சாதிக்காய், அவ்வளவே. கோதுமைக் கதிர் விளையும் நாடுகளில் இப்படியொரு பால்கஞ்சி தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு. இன்று இதை அன்றாடம் செய்வோர் அரிது. பழைய சமையலில் ஆர்வமுள்ள சிலர் வீடுகளில் மட்டுமே அந்தப் பானை அடுப்பேறுகிறது.

விடியுமுன் வேகாத சாசேஜுக்காகச் சமையற்காரியைச் சந்தையில் ஓடவிட்ட கதை என்ன?

18ஆம் நூற்றாண்டில் அச்சான பழைய வழக்கக் குறிப்பு ஒன்றில் இது வருகிறது. கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலையில் கிராமத்துக் கனவான் தம் குடியானவர்களையும் அண்டையாரையும் கூடத்துக்கு அழைத்து, போதை மிகுந்த பீரைத் திறந்து, வாட்டிய ரொட்டி, சர்க்கரை, சாதிக்காய், செஷயர் பாலாடைக்கட்டி ஆகியவற்றுடன் பரிமாறுவாராம். ‘ஹாக்கின்’ என்ற பெரிய சாசேஜ் விடியலுக்குள் வெந்திருக்க வேண்டும். வேகவில்லையென்றால் இரண்டு இளைஞர்கள் சமையற்காரியின் இரு கைகளையும் பற்றி, தன் சோம்பலுக்கு அவள் நாணும்வரை சந்தைத் திடலைச் சுற்றி ஓடவைப்பார்களாம். விடியல் எட்டு மணிக்கு என்பதால் அவளுக்குப் போதிய நேரம் இருந்தது என்று வாதிடலாம்; ஆனால் விறகடுப்பில், கும்மிருட்டில், வீடு நிறைய விருந்தாளிகளுக்குச் சமைத்தவளின் பக்கம் நின்று அக்குறிப்பை எழுதியவர் ஒரு வரியும் எழுதவில்லை.

நறுக்கிய இறைச்சி, ஓட்ஸ், கொழுப்பு, ஆப்பிள், உலர்திராட்சை ஆகியவற்றைக் குடலில் அடைத்து வேகவைத்ததே ஹாக்கின். வடமேற்கில் கம்பர்லாந்து பகுதியில் இது பிற்காலம் வரை நிலைத்திருந்து, பின்னர் மறைந்தது. இறைச்சியும் இனிப்பும் ஒரே பண்டத்தில் சேர்வது அக்கால ஆங்கிலச் சமையலின் இயல்பு. இன்று முற்றிலும் இனிப்பாக இருக்கும் மின்ஸ் பையிலும் ஒருகாலத்தில் இறைச்சி இருந்தது.

ஸ்டாஃபர்ட்ஷயர் ஓட்கேக் தோசைதான் என்கிறார்களே?

பார்வைக்கு அப்படித்தான். ஓட்ஸ் மாவும் கோதுமை மாவும் ஈஸ்ட்டும் நீரும் கலந்து கரைத்து, பொங்கும்வரை வைத்திருந்து, சூடான இரும்புக் கல்லில் வட்டமாக ஊற்றி, திருப்பிப்போட்டு எடுக்கிறார்கள். கல்லிலிருந்து எடுக்கும்போது துளைதுளையாக, மிருதுவாக, மடித்தால் முறியாமல் இருக்கும். தோசையின் புளிப்பும் மொறுமொறுப்பும் இதில் இல்லை. உள்ளே பாலாடைக்கட்டியும் பேக்கனும் வைத்து, கட்டி உருகும்வரை சூடாக்கிச் சுருட்டி உண்பது வழக்கம்.

இது வட ஸ்டாஃபர்ட்ஷயரின், குறிப்பாகப் பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரின், உயிர்ச்சோறு. ஆலைத் தொழிலாளர்களுக்கு வீட்டுச் சன்னல் வழியாகவே சுட்டு விற்ற காலம் உண்டு. அந்நகரின் ஹான்லிப் பகுதியில் அப்படி விற்றுவந்த கடைசிக் கடை 2012இல் மூடப்பட்டது. ஓட்கேக் கடைகள் இன்னும் பல இருக்கின்றன. கிறிஸ்துமஸ் அன்று அவை திறக்காதென்பதால், முந்தின நாள் டஜன் கணக்கில் வாங்கிச் செல்ல வரிசை நீளும். இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலப் படைவீரர்கள் சப்பாத்தியை நினைத்து இதை உருவாக்கினார்கள் என்றொரு கதை அங்கே உலவுகிறது. கேட்க இனிமையாக இருந்தாலும் நம்புவதற்கில்லை. கோதுமை நன்கு விளையாத குளிர்ந்த ஈர மலைப்பகுதிகளில் ஓட்ஸ் ரொட்டி அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மக்களின் உணவாக இருந்தது.

வடகிழக்கில், நியூகாசில் பக்கம்?

அங்கே ‘ஸ்டாட்டி’ என்ற தட்டையான, மெல்ல மெல்ல இழுபடும் வட்ட ரொட்டி. முந்தின நாள் வேகவைத்த ஹாமின் துண்டங்களையும், அதே ஹாம் வெந்த நீரில் பட்டாணிப் பருப்பைக் குழையவிட்டுச் செய்த மசியலையும் அதற்குள் தடவி வைத்து உண்பார்கள். பருப்பு மசியலை ரொட்டிக்குள் வைப்பது மற்ற ஆங்கிலேயருக்கு விநோதமாகத் தோன்றும். நமக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. முற்காலத்தில் நார்தம்பர்லாந்து, டர்ஹம் பகுதிகளின் ரொட்டிக்கடைக்காரர்கள், தங்கள் வாடிக்கையாளர்களின் பிள்ளைகளுக்கென்று மாவில் சிறு குழந்தை உருவம் செய்து, கண்களுக்கு உலர்திராட்சை பதித்துச் சுட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். அதற்கு ‘யூல் டூ’ என்று பெயர்.

தென்மேற்கில் கார்ன்வாலின் வழக்கம் என்ன?

குங்குமப்பூ ரொட்டி. உலர்திராட்சையும் வெண்ணெயும் சேர்த்த மாவில் குங்குமப்பூ ஊறிய நீரை விட்டுப் பிசைந்து சுட்டால், வெட்டிய பக்கம் மஞ்சளாக ஒளிரும். கிறிஸ்துமஸுக்கு மொத்தமாகச் சுட்டு, காலையில் வெண்ணெயோ, அப்பகுதிக்கே உரிய கட்டியான கிளாட்டட் கிரீமோ தடவி உண்பார்கள். இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளும் ஒருகாலத்தில் குங்குமப்பூவை ஏராளமாகப் பயன்படுத்தின. எசெக்ஸில் அது பயிராகி, சாஃப்ரன் வால்டன் என்ற ஊருக்குத் தன் பெயரையே கொடுத்தது. பிற பகுதிகள் அதை மறந்தபின்னும் கார்ன்வால் மட்டும் விடவில்லை. வெள்ளீயம் வாங்க வந்த பழங்கால வணிகர் கொடுத்துச் சென்றது என்ற கதைக்குச் சான்றில்லை. பேக்கனும் முட்டையும் பொரிக்கும் வீடுகளில் ‘ஹாக்ஸ் புட்டிங்’ என்ற வெளிர்நிறச் சாசேஜும் வாணலியில் சேரும். அது டெவன், கார்ன்வால் எல்லையைத் தாண்டி அதிகம் போகவில்லை.

புகையூட்டிய சால்மனும் ஷாம்பெய்னும் எந்த ஊர் வழக்கம்?

எந்த ஊருக்கும் உரியதன்று. இதுதான் இன்று நாடெங்கும் பரவிவிட்ட புதிய வழக்கம். கிளறிய முட்டை, அதன்மேல் புகையூட்டிய சால்மன் மீன், பக்கத்தில் ஷாம்பெய்னும் ஆரஞ்சுச் சாறும் கலந்த ‘பக்ஸ் ஃபிஸ்’. இப்பானம் 1921இல் லண்டனின் பக்ஸ் கிளப்பில் தோன்றியது. மீனின் கதை இன்னும் சுவையானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்து லண்டனின் கிழக்குப் பகுதியில் குடியேறிய யூதர்கள் தங்கள் ஊர்முறையில் சால்மனுக்குப் புகையூட்டினார்கள். தொடக்கத்தில் பால்டிக் கடல் மீனை உப்புநீர்ப் பீப்பாய்களில் வரவழைத்தவர்கள், பிறகு லண்டன் மீன்சந்தைக்கு வந்த ஸ்காட்லாந்து மீனுக்கு மாறினார்கள். நெடுங்காலம் அது செல்வர் உணவு. 1970ஐ ஒட்டி ஸ்காட்லாந்தில் சால்மன் பண்ணைகள் தொடங்கிப் பெருகிய பிறகே விலை இறங்கி எல்லோர் வீட்டுக்கும் வந்தது. கிறிஸ்துமஸ் கொண்டாடாத சமூகத்தார் பக்குவப்படுத்திய மீன் ஆங்கிலேயரின் கிறிஸ்துமஸ் காலை அடையாளமாகியிருப்பதை அதை உண்போரில் பலர் அறியமாட்டார்கள்.

இதன் வசதி வெளிப்படை: பொட்டலத்தைப் பிரித்தால் போதும், முட்டைக்கு ஐந்து நிமிடம். பன்றி உண்ணாதவர்களும் சேர்ந்து உண்ணலாம். எனினும் மெல்டன்காரர் ஒருவரிடம் இதைக் கிறிஸ்துமஸ் காலை உணவு என்று சொல்லிப் பாருங்கள். மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போர்க் பையை எடுக்கப் போய்விடுவார்.

போர்க்காலத்தில் இவ்வழக்கங்கள் எப்படித் தப்பின?

அரைகுறையாகத்தான். பேக்கன், வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்கு 1940 ஜனவரி 8 அன்று பங்கீடு தொடங்கியது. இறைச்சிக்கும் பேக்கனுக்குமான கட்டுப்பாடு 1954 ஜூலையில்தான் முற்றிலும் நீங்கியது. பதினான்கு கிறிஸ்துமஸ்கள் இடையில் கழிந்தன. ஆளுக்கு வாரம் 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 113 கிராம் பேக்கன் என்பது வழக்கமான அளவு. முட்டைக்குப் பதில் அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைத்தூள் தகரங்கள். கிராமங்களிலும் நகர்ப்புறங்களிலும் பலர் கூடிப் ‘பன்றிச் சங்கங்கள்’ அமைத்துக் கழிவுத்தீனி சேர்த்துப் பன்றி வளர்த்தார்கள். ஒரு பங்கை அரசுக்கு விற்றுவிட்டு மற்றதைத் தாங்கள் வைத்துக்கொள்ளலாம். குடிசைப் பன்றியின் பழைய வழக்கம் அந்த ஆண்டுகளில் கடைசியாக ஒருமுறை தலைதூக்கியது. போருக்குப்பின் குளிர்பதனப் பெட்டியும் சுகாதார விதிகளும் வந்தன, வீட்டுப் பன்றி மறைந்தது. வீட்டில் செய்தவற்றைக் கறிக்கடைக்காரர் செய்து விற்கத் தொடங்கியதால் சுவை தொடர்ந்தது.

வெவ்வேறு மாவட்டத்தார் மணந்துகொண்டால் யார் வழக்கம் வெல்லும்?

விதி ஏதுமில்லை. பெரும்பாலும் சமைப்பவரின் வழக்கம் வெல்கிறது, அல்லது மேசையில் இரண்டும் இருக்கும். முந்தின நாள் வரிசையில் நிற்க யார் மனம் கொள்கிறாரோ அவர் பக்கம் தராசு சாய்வதும் உண்டு.

கிறிஸ்துமஸ் காலையில் விருந்தினராக அழைக்கப்பட்டால் எதைக் கவனிக்க வேண்டும்?

நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று நாட்டில் வழக்கமான ரயில்கள் ஓடுவதில்லை, பெரும்பாலான இடங்களில் பேருந்தும் இல்லை. எனவே முந்தின இரவே போய்ச் சேர்வது நல்லது. பன்றி இறைச்சி உண்ணாதவராயின் அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிடுங்கள். காலையில் மேசைக்கு வந்தபின் சொன்னால் கடைகளும் இல்லாத நாளில் வீட்டார் பரிதவிப்பார்கள். மதியத்துக்கு இடம் விட்டு உண்ணுங்கள். பை குளிர்ந்திருக்கிறதே என்று சூடாக்கித் தரும்படி மட்டும் கேட்காதீர்கள்: உறைசாறு உருகி ஓடு நனைந்துவிடும். காலாக வெட்டி, ஓரத்தில் பிக்கலில்லி வைத்து, தேநீருடன் அப்படியே உண்ண வேண்டும்.